வெப்ஆர்டிசி அழைப்பில் ஒலி, ஒளி அனுப்புவதை முறையாக நிறுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெப்ஆர்டிசியில் (பிரவுசருக்குள்ளேயே ஒலி, ஒளி அழைப்பு நடத்தும் தொழில்நுட்பம்) வீடியோ அழைப்பைத் தொடங்குவதற்கு ஆயிரம் பாடங்கள் இணையத்தில் கிடைக்கும். முடிப்பதற்கு அவற்றில் பெரும்பாலானவை ஒரே வரிதான் சொல்லும்: பியர் கனெக்ஷனில் (இருபுறத்தையும் இணைக்கும் பொருள்) குளோஸ்() கூப்பிடு. அதை மட்டும் செய்தால் இணைப்பு அறுந்துவிடும், ஆனால் கெமரா விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எதிர்ப்புறத்தில் இருப்பவருக்கு உங்கள் முகம் உறைந்த படமாகச் சில வினாடிகள் நிற்கும். சேர்வரில் நீங்கள் இன்னும் வகுப்பில் இருப்பதாகப் பதிவாகியிருக்கும்.

கொழும்பில் பிரவுசர் வழி உயர்தர (ஏ/எல்) வகுப்பு, மருத்துவ ஆலோசனை, வாடிக்கையாளர் சேவை என்று செயலி கட்டுகிற சிறு குழுக்கள் நிறைய உண்டு. வெள்ளவத்தையில் அறைக்குள் இருந்து படிக்கும் மாணவிக்கு, வகுப்பு முடிந்த பின்னும் கெமரா ஓடிக்கொண்டிருந்தால் அது சின்ன பக் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எந்த நோக்கத்துக்காக எடுத்தோமோ அந்த நோக்கத்துக்குள் நிற்கச் சொல்கிறது. வகுப்பு முடிந்ததும் நோக்கமும் முடிந்துவிட்டது. ஆகவே நிறுத்தும் கோடையும் தொடங்கும் கோடுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு எழுத வேண்டும்.

இங்கே மெதட், ஈவன்ட் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். பெரும்பாலானவை 2021 ஜனவரியில் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையாக வெளிவந்த வெப்ஆர்டிசி 1.0 இலும் அதோடு சேர்ந்த மீடியா கப்ச்சர் விவரக்குறிப்பிலும் உள்ளவை.

எதை நிறுத்துகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

அழைப்பில் ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. அடியில் கெமரா, மைக் என்ற வன்பொருள். அதிலிருந்து வரும் ஒலி அல்லது ஒளி ஓட்டம் ட்ராக். ட்ராக்கை எடுத்து ஆர்டிபி (நேரடி ஒலி, ஒளி அனுப்பும் நெறிமுறை) பொதிகளாக அனுப்புவது செண்டர். செண்டரையும் ரிசீவரையும் சேர்த்து வைத்திருப்பது டிரான்ஸீவர்; எஸ்டிபியில் (இருபுறமும் பரிமாறும் அழைப்பு விவர உரை) ஒரு எம்-வரி (ஒரு மீடியாவுக்கான பகுதி) அதற்குரியது. எல்லாவற்றையும் சுமப்பது பியர் கனெக்ஷன். ஒரு அடுக்கை நிறுத்தினால் மற்றது தானாக நிற்கும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. பியர் கனெக்ஷனை மூடுவது ட்ராக்கைத் தொடாது. ட்ராக்கை நிறுத்துவது எம்-வரியைத் தொடாது. செண்டரிலிருந்து ட்ராக்கைக் கழற்றுவது கெமராவை அணைக்காது.

பயனர் எந்தப் பட்டனை அழுத்துகிறார் என்பதை வைத்து அடுக்கைத் தெரிவு செய்யுங்கள். மைக் பட்டனா, கெமரா பட்டனா, திரைப் பகிர்வா, அழைப்பை முடிக்கும் சிவப்புப் பட்டனா? நான்குக்கும் நான்கு விதமான கோடு வேண்டும்.

மைக் பட்டன்: எனேபிள்ட் போதும்

மைக்கை மூடித் திறப்பது ஒரு வகுப்பில் பலமுறை நடக்கும். இதற்கு ட்ராக்கின் எனேபிள்ட் பண்பை ஃபோல்ஸ் ஆக்குவதே சரி. உடனே வேலை செய்யும், மறுபேச்சுவார்த்தை (எஸ்டிபியை மறுபடி பரிமாறுவது) தேவையில்லை, திரும்பத் திறக்கும்போது தாமதமும் இல்லை. ஸ்டாப்() கூப்பிட்டுவிட்டு மறுபடியும் கெட்-யூசர்-மீடியா (கெமரா, மைக்கைப் பெறும் மெதட்) கேட்டால், புளூடூத் ஹெட்செட் போட்டிருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் ஹெட்செட் அழைப்பு முறையிலிருந்து இசை முறைக்கும், பின் திரும்பவும் மாறும். அந்த நேரத்தில் ஆசிரியர் சொல்வது அறுந்து கேட்கும்.

ஆனால் எனேபிள்ட் ஃபோல்ஸ் என்பது அனுப்புவதை நிறுத்துவது அல்ல. மௌனத்தை அனுப்புவது. ஒலியைச் சுருக்கும் ஓபஸ் கோடெக் வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பொதி அனுப்பும், அதாவது வினாடிக்கு 50. ஐபி தலைப்பு 20 பைட், யூடிபி 8, ஆர்டிபி 12, எஸ்ஆர்டிபி (பாதுகாக்கப்பட்ட ஆர்டிபி) சரிபார்ப்பு முத்திரை 10 என்று வைத்தால் ஒரு பொதிக்கு 50 பைட் சுமை. உள்ளே ஒலியே இல்லாவிட்டாலும் இந்த உறைக்கு மட்டும் வினாடிக்கு 2,500 பைட், மணிக்கு 9 மெகாபைட். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள் மைக்கை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தால், அத்தனை மௌனமும் உங்கள் சேர்வருக்கு வந்து சேர்கிறது. மாணவர்கள் ப்ரீபெய்ட் டேட்டாவில் இருந்தால் அந்தச் செலவு அவர்களுடையது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஸ்டிபியில் ஓபஸ் வரிக்கு யூஸ்-டிடிஎக்ஸ் 1 என்று சேர்ப்பது. அப்போது மௌன நேரத்தில் பொதிகள் வெகுவாகக் குறையும். மற்றது, மைக் மூடி அரை நிமிடம் போல் கடந்த பின் அந்த ஓடியோ செண்டரை முழுவதுமாக நிறுத்துவது. செட்-பாராமீட்டர்ஸ் மூலம் என்கோடிங்கின் அக்டிவ் பண்பை ஃபோல்ஸ் ஆக்கினால் பொதி போகாது, மைக் மட்டும் தயாராக இருக்கும். இதில் ஒரு விதி: கெட்-பாராமீட்டர்ஸ் கூப்பிட்டு வந்த அதே பொருளைத் திருத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் இருக்கும் பரிவர்த்தனை அடையாளம் பழையதானால் மெதட் திருப்பித் தரும் வாக்குறுதி (ப்ராமிஸ்) நிராகரிக்கப்படும். முன்னர் எடுத்து வைத்த பொருளைப் பத்திரப்படுத்தி வைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

கெமரா பட்டன்: ரீப்ளேஸ்-ட்ராக்

வீடியோவில் கதை வேறு. எனேபிள்ட் ஃபோல்ஸ் ஆக்கினால் கறுப்புப் படங்கள் போகும். குரோமில் கெமரா விளக்கு எரிந்தபடியே இருக்கும். ஃபயர்பொக்ஸ் விளக்கையும் அணைத்துவிடும். விளக்கு எரிவதைப் பார்க்கும் பயனர், 'கெமராவை அணைத்தேன், ஆனால் யாரோ பார்க்கிறார்கள்' என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பதற்கு அவருக்கு முழு நியாயமும் உண்டு. ஆகவே வீடியோவுக்கு வன்பொருளையே விட்டுவிடுவதுதான் எங்கள் பரிந்துரை. வரிசை இது:

1. ட்ராக்கின் எனேபிள்டை உடனே ஃபோல்ஸ் ஆக்குங்கள். அடுத்த படிகள் தாமதித்தாலும் முகம் வெளியே போகாது.
2. செண்டரில் ரீப்ளேஸ்-ட்ராக் கூப்பிட்டு நல் (வெற்று மதிப்பு) கொடுங்கள். அது திருப்பித் தரும் வாக்குறுதிக்குக் காத்திருங்கள். மறுபேச்சுவார்த்தை இல்லாமல் ஆர்டிபி நின்றுவிடும்.
3. இப்போது ட்ராக்கில் ஸ்டாப்() கூப்பிடுங்கள். விளக்கு அணையும்.
4. உள்ளூர் முன்னோட்ட வீடியோ எலெமென்டின் சோர்ஸ்-ஒப்ஜெக்டை நல் ஆக்குங்கள்.
5. சிக்னலிங் (அழைப்பு விவரச் செய்திகள் போகும் பாதை) வழியாக 'இவருடைய கெமரா அணைந்தது' என்று மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஐந்தாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரீப்ளேஸ்-ட்ராக் எஸ்டிபியைத் தொடாததால், எதிர்ப்புற பிரவுசருக்கு அது நின்றுவிட்டதென்று சொல்ல யாரும் இல்லை. கடைசிப் படம் அப்படியே உறைந்து நிற்கும். பார்ப்பவர் 'லைன் ஸ்லோ' என்று நினைத்துக் காத்திருப்பார். எதிர்ப்புற ட்ராக்கில் மியூட் ஈவன்ட் வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். பொதி நின்றதை வைத்து அதை எழுப்புவது எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. செய்தி கிடைத்ததும் அவருடைய பெயரின் முதலெழுத்தையோ நிழற்படத்தையோ காட்டுங்கள்.

திரும்பத் திறக்கும்போது புதிய கெட்-யூசர்-மீடியா, அதில் வரும் ட்ராக்கை அதே செண்டரில் ரீப்ளேஸ்-ட்ராக், அவ்வளவுதான். ஸ்டாப் ஆன ட்ராக்கை உயிர்ப்பிக்க முடியாது. அதன் ரெடி-ஸ்டேட் 'எண்டட்' என்று நிலைத்துவிடும். கெமரா மறுபடி விழிக்கச் சிறிது நேரம் எடுக்கும். அனுமதியை நினைவில் வைக்கச் சொல்லாத பயனரிடம் பிரவுசர் மறுபடி அனுமதியும் கேட்கலாம். அந்த இடைவெளியில் பட்டனைச் செயலிழக்கச் செய்து வையுங்கள். இல்லாவிட்டால் அவசரக்காரர் மூன்று முறை தட்டுவார்; மூன்று கெட்-யூசர்-மீடியா ஓடும்; இரண்டு ட்ராக் யார் கையிலும் இல்லாமல் கெமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பட்டனைப் பூட்டுவதை விட உறுதியான வழி, திறத்தல், அடைத்தல் இரண்டையும் ஒரே வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக ஓட விடுவது.

ஸ்டாப்() பற்றி இன்னொன்று. நீங்களே கூப்பிட்ட ஸ்டாப்() எண்டட் ஈவன்டை எழுப்பாது. கெமரா கேபிள் கழன்றாலோ, பயனர் முகவரிப் பட்டையில் அனுமதியைப் பறித்தாலோதான் அது வரும். சுத்தம் செய்யும் கோடை எண்டட் ஈவன்டுக்குள் மட்டும் வைத்தால், உங்கள் பட்டனை அழுத்தும்போது அது ஓடவே ஓடாது. ஒரு பொதுவான ஃபங்ஷன் எழுதி, பட்டனிலிருந்தும் ஈவன்டிலிருந்தும் அதையே கூப்பிடுங்கள்.

திரைப் பகிர்வு

இங்கே அந்த எண்டட் ஈவன்ட்தான் முக்கியம். பகிர்வை நிறுத்தும் பட்டன் உங்கள் பக்கத்தில் மட்டும் இல்லை. பிரவுசரே ஒரு பட்டையில் 'பகிர்வதை நிறுத்து' என்று ஒன்றைக் காட்டுகிறது. ஆசிரியர்கள் பெரும்பாலும் அதைத்தான் அழுத்துவார்கள். கெட்-டிஸ்ப்ளே-மீடியா தந்த வீடியோ ட்ராக்கில் எண்டட் ஈவன்டைக் கேட்காவிட்டால், பகிர்வு நின்ற பின்னும் உங்கள் திரையில் 'பகிர்கிறீர்கள்' என்றே நிற்கும். கணினி ஒலியையும் சேர்த்துப் பகிர்ந்திருந்தால் தனியாக ஓர் ஓடியோ ட்ராக்கும் இருக்கும். ஸ்ட்ரீமில் உள்ள எல்லா ட்ராக்கையும் சுற்றிவந்து நிறுத்துங்கள்.

எம்-வரியோடு நிறுத்துவது: டைரெக்ஷன், ரிமூவ்-ட்ராக், டிரான்ஸீவர் ஸ்டாப்

நீண்ட நேரம் அனுப்பப் போவதில்லை, எதிர்ப்புறமும் எஸ்டிபி வழியாக அதை அறிய வேண்டும் என்றால் டிரான்ஸீவரின் டைரெக்ஷனை 'செண்ட்-ரெசீவ்' இலிருந்து 'ரெசீவ்-ஒன்லி' ஆக்குங்கள். நெகோஷியேஷன்-நீடட் ஈவன்ட் வரும். ஆஃபர், அன்சர் (எஸ்டிபி முன்மொழிவும் பதிலும்) முடிந்த பிறகே கரன்ட்-டைரெக்ஷன் மாறும். அப்போது எதிர்ப்புறத்தில் அந்த ட்ராக் மியூட் ஆகும், ஸ்ட்ரீமிலிருந்து கழற்றப்படும், ஸ்ட்ரீமில் ரிமூவ்-ட்ராக் ஈவன்ட் வரும். எண்டட் வராது, ஏனென்றால் அதே வரியில் நாளைக்கு மறுபடி அனுப்பலாம்.

ரிமூவ்-ட்ராக்() மெதடும் இதைத்தான் செய்கிறது: செண்டரின் ட்ராக்கை நல் ஆக்கி, டைரெக்ஷனிலிருந்து அனுப்பும் பாதியை எடுத்துவிடும். டிரான்ஸீவர் அழியாது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ரிமூவ்-ட்ராக் செய்துவிட்டுப் பிறகு அட்-ட்ராக் கூப்பிட்டால் பழைய செண்டரே மறுபடி பயன்படும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். விவரக்குறிப்பு சொல்வது வேறு: ஒருமுறைகூட அனுப்பப் பயன்படாத செண்டரை மட்டுமே அட்-ட்ராக் மறுபடி எடுக்கும். ஏற்கெனவே அனுப்பிய செண்டர் என்றால் புதிய டிரான்ஸீவர், புதிய எம்-வரி. இரண்டு மணி நேர வகுப்பில் ஆசிரியர் பத்து முறை திரையைப் பகிர்ந்து நிறுத்தினால் எஸ்டிபியில் பத்து வீடியோ வரிகள் குவிந்திருக்கும். ஆஃபர் பெருக்கும், மறுபேச்சுவார்த்தை மந்தமாகும், சிக்னலிங் செய்திக்கு நீள வரம்பு வைத்திருந்தால் ஒரு நாள் அது உடையும். இதைத் தவிர்க்க, திரைப் பகிர்வுக்கென்று தொடக்கத்திலேயே ஒரு டிரான்ஸீவரை ஒதுக்கிவிட்டு ரீப்ளேஸ்-ட்ராக்கால் ஏற்றி இறக்குவதே நல்லது.

டிரான்ஸீவரில் ஸ்டாப்() என்பது நிரந்தரம். அனுப்பிக்கொண்டிருந்த ஓட்டங்களுக்கு ஆர்டிசிபி (ஆர்டிபியின் கட்டுப்பாட்டு நெறிமுறை) 'பை' பொதி போகும்; அடுத்த பேச்சுவார்த்தையில் எம்-வரியின் போர்ட் 0 ஆகும்; எதிர்ப்புற ட்ராக் எண்டட் ஆகும். காலியான அந்த வரியைப் பின்னர் வேறொரு டிரான்ஸீவர் எடுத்துக்கொள்ளும். குழு அழைப்பில் ஒருவர் வெளியேறும்போது அவருக்கான வரிகளை விடுவிக்க இது பொருத்தம். கெமராவை அணைத்துத் திறக்கும் பட்டனுக்குப் பொருத்தமே இல்லை.

இருபுறமும் ஒரே நேரத்தில் ஆஃபர் அனுப்பினால் மோதும் என்பதையும் மறக்க வேண்டாம். பேச்சுவார்த்தையோடு நிறுத்தும் எந்த வழிக்கும், ஒருபுறம் விட்டுக்கொடுக்கும் வகையில் எழுதிய மோதல் தீர்க்கும் கோடு முன்பே இருக்க வேண்டும்.

சிவப்புப் பட்டன்: அழைப்பை முடிக்கும் வரிசை

கெமரா பட்டனில் செண்டரை முதலில் நிறுத்தினோம். இங்கே வரிசை தலைகீழ்: முதலில் வன்பொருள், பிறகு நெட்வொர்க். நெட்வொர்க் படிகள் காத்திருக்கக் கூடியவை. டேட்டா அறுந்த நேரத்தில் ஒருவர் சிவப்புப் பட்டனை அழுத்தினால், சிக்னலிங்கின் 'பை' செய்தி போகும் வரை கெமரா எரிந்துகொண்டிருக்க முடியாது.

1. 'முடிகிறது' என்று ஒரு கொடியை ஏற்றுங்கள். ஏற்கெனவே ஏறியிருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். இருவரும் ஒரே கணத்தில் அழுத்தினாலும் இந்த ஃபங்ஷன் ஒரு முறைதான் ஓட வேண்டும்.
2. பதிவு செய்துகொண்டிருந்தால் மீடியா ரெக்கோடரில் ஸ்டாப்() கூப்பிடுங்கள். கடைசித் துண்டு டேட்டா-அவெய்லபிள் ஈவன்டிலும், அதன் பின் ஸ்டாப் ஈவன்டும் வரும். அந்தத் துண்டைச் சேமிக்கும் வரை பக்கத்தை மாற்றாதீர்கள்.
3. எல்லா உள்ளூர் ட்ராக்கிலும் ஸ்டாப்(). இதற்கு முன் எந்த அவெய்ட்டும் (காத்திருப்பு) வரக்கூடாது.
4. வீடியோ எலெமென்டுகளின் சோர்ஸ்-ஒப்ஜெக்டை நல் ஆக்குங்கள். ஒலி அளவு காட்டும் மீட்டருக்காகத் திறந்த ஓடியோ கன்டெக்ஸ்டை மூடுங்கள். கெட்-ஸ்டாட்ஸ் (புள்ளிவிவரம்) எடுக்கும் டைமரை நிறுத்துங்கள்.
5. சிக்னலிங்கில் 'பை' அனுப்புங்கள். அழைப்பு அடையாளமும் காரணமும் அதில் இருக்கட்டும். பதிலுக்கு ஒரு வினாடி போல் காத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.
6. டேட்டா சேனலில் (இதே இணைப்பில் தரவு அனுப்பும் வழி) போகவேண்டியது மிச்சமிருந்தால் முதலில் அந்தச் சேனலைத் தனியாக மூடுங்கள். அது வரிசையில் உள்ளதை அனுப்ப முயன்ற பின் மூடும். பியர் கனெக்ஷனை நேரே மூடினால் மிச்சம் தொலைந்துபோகும். விடைத்தாள் போன்ற முக்கியமான ஒன்றென்றால், கிடைத்தது என்று எதிர்ப்புறம் செய்தி அனுப்பும் வரை காத்திருப்பதே உறுதி.
7. ஈவன்ட் ஹேண்ட்லர்களைக் கழற்றி, பியர் கனெக்ஷனில் குளோஸ்() கூப்பிட்டு, மாறியை நல் ஆக்குங்கள்.

ஏழாவது படியில் ஒரு நுணுக்கம்: குளோஸ்() கூப்பிட்ட புறத்தில் கனெக்ஷன்-ஸ்டேட்-சேஞ்ச் ஈவன்ட் வராது. நிலை 'குளோஸ்ட்' ஆகிவிடும், அறிவிப்பு மட்டும் இல்லை. 'அழைப்பு முடிந்தது' திரையைக் காட்டும் கோடை அந்த ஈவன்டில் மாட்டி வைத்தவர்கள், எதிர்ப்புறம் மூடும்போது வேலை செய்கிறது, நாம் மூடும்போது செய்யவில்லை என்று நெடுநேரம் தேடுவார்கள். இந்த ஃபங்ஷனின் கடைசி வரியிலேயே திரையை மாற்றுங்கள்.

'பை' செய்தியில் அழைப்பு அடையாளம் ஏன்? ஒருவர் அழைப்பை முடித்துவிட்டு உடனே மறுபடி கூப்பிடுவது சாதாரணம். முதல் அழைப்பின் 'பை' தாமதமாக வந்து சேர்ந்தால், அடையாளம் பார்க்காத கோடு இரண்டாவது அழைப்பைக் கொன்றுவிடும்.

எதிர்ப்புறம் எப்போது தெரிந்துகொள்ளும்?

'பை' வந்தால் உடனே. வராவிட்டால் ஐஸ் அடுக்கைத்தான் (இருபுறத்துக்கும் இடையே நெட்வொர்க் வழியைக் கண்டுபிடித்துக் காப்பது) நம்ப வேண்டும். இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7675 இன்படி இருபுறமும் ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒரு முறை ஸ்டன் (வழியைச் சோதிக்கும் நெறிமுறை) கேள்வி அனுப்பி, 'இன்னும் அனுப்பலாமா' என்று சம்மதம் உறுதிப்படுத்திக்கொள்ளும். 30 வினாடி வரை சரியான பதில் வராவிட்டால் சம்மதம் காலாவதி. அதற்கு மேல் அந்த வழியில் மீடியா அனுப்பக்கூடாது. தொலைந்துபோன ஒருவரை நோக்கி பிரவுசர் காலவரையின்றிப் பொதி கொட்டாமல் இருப்பது இந்த விதியால்தான்.

நடுவில் கனெக்ஷன்-ஸ்டேட் 'டிஸ்கனெக்டட்' என்று மாறும். இதை முடிவாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு. காலி வீதி அடுக்குமாடியில் ஒருவர் லிஃப்டுக்குள் ஏறினால், கோட்டையிலிருந்து கல்கிசை போகும் ரயிலில் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினால், இந்த நிலை வந்து போகும். 'டிஸ்கனெக்டட்' வந்ததும் 'மீண்டும் இணைகிறது' என்று காட்டுங்கள். சில வினாடியில் சரியாகாவிட்டால் ஐஸ் ரீஸ்டார்ட் (புதிதாக வழி தேடுவது) முயலுங்கள். 'ஃபெயில்ட்' வந்து, ரீஸ்டார்ட்டும் பலிக்காமல், சிக்னலிங்கிலும் ஆள் இல்லை என்றால்தான் மூடுங்கள். டேட்டா சேனல் வைத்திருந்தால் அதன் குளோஸ் ஈவன்ட் பெரும்பாலும் முதலில் வரும். குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பிக் கட்டக்கூடாது.

டேபை மூடினால்

பயனர்கள் சிவப்புப் பட்டனைத் தேடுவதை விட டேபை மூடுவது அதிகம். கைத்தொலைபேசியில் செயலியையே மேலே தள்ளிவிடுவார்கள். அன்லோட், பிஃபோர்-அன்லோட் இரண்டும் கைத்தொலைபேசியில் நம்பத்தகாதவை. பேஜ்-ஹைட் ஈவன்டில் ட்ராக்குகளை நிறுத்தி, பியர் கனெக்ஷனை மூடி, செண்ட்-பீக்கன் மூலம் 'பை' அனுப்புங்கள். வெப்சொக்கெட்டில் அந்தக் கணத்தில் போடும் செய்தி போகாமலே போகலாம்; பீக்கன் பக்கம் மூடிய பிறகும் பிரவுசரால் அனுப்பப்படும். அதில் தலைப்புகளை விருப்பப்படி சேர்க்க முடியாது, ஆகவே அடையாள டோக்கனை உடலுக்குள் வையுங்கள். அளவு 64 கிலோபைட்டுக்குள். 'பை' செய்திக்கு அது தாராளம்.

விசிபிலிட்டி-சேஞ்ச் ஈவன்டில் அழைப்பை முடிக்காதீர்கள். வகுப்புக்கு நடுவே மாணவர் வாட்ஸ்அப்பில் வந்த வினாத்தாளைப் பார்க்கப் போயிருப்பார். ஐபோன் சஃபாரி பின்னணிக்குப் போன பக்கத்தின் கெமராவைத் தானே மியூட் செய்யும். திரும்பி வந்ததும் அன்மியூட் வரும். அதை மட்டும் கேட்டுத் திரையைப் புதுப்பித்தால் போதும்.

பீக்கனும் போகாத சந்தர்ப்பம் உண்டு: பெட்டரி தீர்ந்தது, மின்வெட்டில் ரவுட்டர் நின்றது. ஆகவே சேர்வரில் இதயத்துடிப்பு வேண்டும். 10 வினாடிக்கு ஒரு பிங், மூன்று தவறினால் ஆளை வெளியேற்று என்ற அளவு நடைமுறைக்குச் சரிவரும். பணம் கட்டி நிமிடக் கணக்கில் நடக்கும் மருத்துவ ஆலோசனை என்றால், கட்டணக் கடிகாரத்தை நிறுத்துவது கிளையன்டின் 'பை' அல்ல, சேர்வரின் இந்தத் தீர்மானமாகவே இருக்கட்டும்.

நடுச் சேர்வர் இருந்தால்

குழு வகுப்பில் மீடியா எஸ்எஃப்யு (ஒருவரின் ஓட்டத்தை மற்றவர்களுக்கு அனுப்பும் நடுச் சேர்வர்) வழியாகப் போகும். அங்கே கிளையன்டில் நிறுத்துவதும் சேர்வரில் நிறுத்துவதும் தனித்தனி. உதாரணமாக மீடியாசூப் என்ற எஸ்எஃப்யு மென்பொருளில் கிளையன்ட் பக்கத்து புரொடியூசரை (அனுப்பும் ஓட்டம்) மூடினால் சேர்வர் பக்கத்து புரொடியூசர் தானாக மூடாது. உங்கள் சிக்னலிங்கில் நீங்களே சொல்ல வேண்டும். சேர்வரில் மூடியதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த கன்சியூமர்கள் (பெறும் ஓட்டங்கள்) மூடப்படும். நிர்வாகி ஒருவரை வெளியேற்றினால் கிளையன்டிடம் 'நிறுத்து' என்று கேட்டுக்கொள்வது போதாது. சேர்வரிலேயே அவருடைய டிரான்ஸ்போர்ட்டை மூடுங்கள். மாற்றி எழுதப்பட்ட கிளையன்ட் உங்கள் சொல் கேட்காது.

டேர்ன் சேர்வரிலும் (நேரடி வழி இல்லாதபோது பொதிகளை இடையில் கடத்துவது) மிச்சம் இருக்கும். முறையாக மூடினால் பிரவுசர் ஆயுள் 0 என்று ரிஃப்ரெஷ் அனுப்பி ஒதுக்கீட்டை விடுவிக்கும். திடீரென்று செத்த டேப் அதைச் செய்யாது. இயல்புநிலை ஆயுளான 600 வினாடி முடியும் வரை ஒதுக்கீடு நிற்கும். மாலை வகுப்புகள் ஒன்றாக முடியும் நேரத்தில் கோடேர்ன் என்ற டேர்ன் மென்பொருளில் ஒதுக்கீட்டு எண்ணிக்கை மெல்லவே இறங்குவது இதனால்தான். ஒருவருக்கு எத்தனை ஒதுக்கீடு என்ற வரம்பை 1 என்று இறுக்கி வைத்தால், அறுந்து திரும்ப வருபவர் பத்து நிமிடம் உள்ளே வரமுடியாமல் தவிப்பார்.

விளக்கு இன்னும் எரிகிறதா?

எல்லாம் செய்தும் விளக்கு அணையவில்லை என்றால், எங்கோ இன்னொரு ட்ராக் உயிரோடு இருக்கிறது. ஒரே கெமராவைப் பயன்படுத்தும் கடைசி ட்ராக்கும் நின்றால்தான் வன்பொருள் விடுபடும். தேட வேண்டிய இடங்கள்:

குளோன்() செய்த ட்ராக்குகள். மூலத்தை நிறுத்தினாலும் குளோன் ஓடும். பின்னணியை மங்கலாக்கும் கோடு பெரும்பாலும் ஒரு குளோனை, அல்லது அசல் ட்ராக்கையே, உள்ளே வைத்திருக்கும். செண்டரில் இருப்பது கேன்வஸிலிருந்து வந்த ட்ராக். அதை நிறுத்தினால் கேன்வஸ் நிற்கும், கெமரா நிற்காது.

வகுப்புக்குள் நுழையும் முன் காட்டும் முன்னோட்டப் பக்கம். அது ஒரு கெட்-யூசர்-மீடியா, அழைப்புப் பக்கம் இன்னொன்று. முதலாவதை யாரும் நிறுத்தவில்லை. ஐபோனில் இதற்கு வேறொரு பக்கவிளைவும் உண்டு: இரண்டாவது தடவை கேட்கும்போது முதல் ட்ராக் மியூட் ஆகலாம். முன்னோட்டத்தில் எடுத்த ஸ்ட்ரீமையே அழைப்புக்குக் கொடுங்கள்.

தாமதமாக வந்த வாக்குறுதி. அனுமதி கேட்கும் பெட்டி திறந்திருக்கும்போதே பயனர் பின்னால் போய்விட்டார், கம்போனென்ட் அழிந்துவிட்டது, பிறகு 'அனுமதி' அழுத்தப்பட்டது. ஸ்ட்ரீம் வருகிறது, பெற்றுக்கொள்ள ஆளில்லை. கெட்-யூசர்-மீடியா திரும்பிய அடுத்த வரியிலேயே, 'இன்னும் தேவையா' என்று சரிபார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோட் உருவாக்கச் சூழலில் எஃபெக்டை இரண்டு முறை ஓட்டும். இந்தப் பிழை அங்கே உடனே தெரிந்துவிடும். தொல்லை என்று அந்த மோடை நிறுத்தி வைக்காதீர்கள்.

இவற்றைத் தேடி அலையாமல் இருக்க, கெட்-யூசர்-மீடியாவையும் குளோனையும் ஒரே ஒரு கோப்புக்குள் மட்டும் அனுமதித்து, அங்கே வந்த ஒவ்வொரு ட்ராக்கையும் ஒரு செட்டில் பதிந்து வையுங்கள். சிவப்புப் பட்டன் அந்தச் செட் முழுவதையும் நிறுத்தும்.

சோதித்துப் பாருங்கள்

குரோமில் வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் பக்கத்தையும், ஃபயர்பொக்ஸில் எபவுட்-வெப்ஆர்டிசி பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். அவுட்பவுண்ட்-ஆர்டிபி அறிக்கையில் பொதி எண்ணிக்கை இரண்டு வினாடி இடைவெளியில் மாறாமல் இருந்தால்தான் அனுப்புவது நின்றது. மைக் மூடிய நிலையில் எண் ஏறிக்கொண்டிருப்பதை அங்கே நேரிலேயே காணலாம். ஸ்டன், ஆர்டிசிபி பொதிகள் இணைப்பு இருக்கும் வரை சிறிதளவு போய்க்கொண்டிருக்கும். பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கைத்தொலைபேசியிலும் செய்யுங்கள். ஆண்ட்ராய்ட் 12 முதல் திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தெரியும். ஐஓஎஸ் 14 முதல் கெமராவுக்குப் பச்சைப் புள்ளி, மைக்குக்குச் செம்மஞ்சள் புள்ளி. சிவப்புப் பட்டன் அழுத்தியதும் அது மறைய வேண்டும்.

கடைசியாக ஒரு கசிவுச் சோதனை: அழைப்பைத் தொடங்கி முடிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஒரே டேபில் ஐநூறு முறைக்கு மேல் ஓட்டுங்கள். குரோம் ஒரு பக்கத்துக்கு 500 பியர் கனெக்ஷனுக்கு மேல் அனுமதிக்காது. எங்காவது மூடாமல் விட்டிருந்தால் புதிய பியர் கனெக்ஷன் உருவாக்கும் வரியில் பிழை எறியப்படும். எந்தப் பாதையில் மூடப்படவில்லை என்பதை இன்டர்னல்ஸ் பக்கத்தில் எஞ்சி நிற்கும் இணைப்புகளின் பட்டியல் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது, மறுமுனை எடுக்காமலே விட்ட அழைப்பாக இருக்கும். அந்தப் பாதைக்கும் சிவப்புப் பட்டனின் அதே ஃபங்ஷனையே கூப்பிடுங்கள்.